துபாய்க்குச் சுற்றுலா: பாஸ்போர்ட்டுப் பெயரிலிருந்து கஸ்டம்ஸ் வாசல் வரை

சென்னையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் துபாய். இறங்கியபின் ஊர் சுலபமானது. மெட்ரோ ஓடுகிறது, டாக்சிக்காரர் மீட்டர் போடுகிறார், கராமாவில் இட்லி கிடைக்கிறது, இந்தியிலோ மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டால் யாராவது வழி சொல்லிவிடுகிறார்கள். பயணத்தைக் கெடுக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை கிளம்புவதற்கு முன்பே நம் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்திருக்கக்கூடியவை. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது, பெட்டிக்குள் என்ன போகிறது என்ற இரண்டையும் ஒழுங்காகப் பார்த்துவிட்டாலே பாதிக் கவலை தீர்ந்தது. அதனால் அவற்றைத்தான் முதலில், சற்று விரிவாகச் சொல்கிறோம்.

பெயர் ஒற்றைச் சொல்லா?

தமிழ்நாட்டுக்காரர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதுதான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஊரில் ‘கே. முருகன்’ என்று இருப்போம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போடமாட்டார்கள் என்பதால் ‘கிவன் நேம்’ கட்டத்தில் முருகன் என்று மட்டும் வரும், ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருக்கும். இப்படி ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ வருபவர்களை உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்ற விளக்கம் பிறகு வந்தது. ஆனால் உங்களை விமானத்தில் ஏற்றுவதா இல்லையா என்று முடிவெடுப்பவர் சென்னையிலோ திருச்சியிலோ கவுன்டரில் இருக்கும் ஊழியர். அவர் திரையில் என்ன தெரிகிறதோ அதைத்தான் நம்புவார். அந்த இடத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கிவிடுவதே நல்லது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் ‘ரீ-இஷ்யூ’ விண்ணப்பம் போட்டு, சொந்த விவரத்தில் மாற்றம் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். பழைய பெயரில் டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகு பெயரை மாற்றினால், டிக்கெட், விசா இரண்டையும் திருத்த அலைய வேண்டும்.

துபாயில் இறங்கும் நாளில் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டையும் பாருங்கள். அவர்களுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள் என்பதால், பெரியவர்கள் மறந்திருக்கும்போது காலாவதியாகியிருக்கும்.

விசா

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பொதுவாக முன்கூட்டியே விசா எடுத்துத்தான் போகவேண்டும். அமெரிக்க விசா, கிரீன் கார்டு, பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியிருப்பு அனுமதி போன்றவை செல்லுபடியாக இருந்தால் இறங்கியதும் விசா வாங்கும் வசதி உண்டு. மற்றவர்களுக்கு 30 நாள், 60 நாள் என இரண்டு வகைச் சுற்றுலா விசா. நீங்கள் பறக்கும் விமான நிறுவனம், தங்கப்போகும் ஹோட்டல், பதிவுபெற்ற டிராவல் ஏஜென்சி, இவற்றில் ஒன்றின் வழியாக விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டின் கலர் ஸ்கேன், வெள்ளைப் பின்னணியில் போட்டோ, திரும்பிவரும் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ஆகியவை தேவைப்படும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் ஹோட்டல் புக்கிங்குக்குப் பதில் அவருடைய எமிரேட்ஸ் ஐடியும் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். 2024 கடைசியிலிருந்து திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் கறாராகப் பார்க்கிறார்கள். விசாவுக்காக ஹோட்டல் புக் செய்து, விசா வந்ததும் ரத்து செய்வது பலரும் செய்யும் வேலை. இமிக்ரேஷனில் ஹோட்டல் பெயரைக் கேட்டு விசாரித்தால் மாட்டிக்கொள்வீர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பாது.

விசா பிடிஎஃப் ஆக வரும். வந்ததும் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். 201 என்று தொடங்கினால் துபாய் எமிரேட் கொடுத்தது, துபாய் குடியேற்றத் துறை இணையதளத்தில் சரிபார்க்கலாம். மற்ற எண்களை மத்திய அடையாள ஆணையத்தின் தளத்தில் பார்க்கவேண்டும். பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். விசா கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் உள்ளே நுழையவேண்டும். தங்கும் நாள் கணக்கு நுழைந்த நாளிலிருந்து ஓடும். நாள் கடந்தால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். முன்பு இருந்த 10 நாள் சலுகை இப்போது கிடையாது. கடைசி நாளில் விமானம் தாமதமானாலும் கணக்கு நிற்காது என்பதால், ஒரு நாளாவது மிச்சம் வைத்துத் திரும்பும் டிக்கெட் எடுங்கள்.

பத்தாம் வகுப்புக்குக் கீழ் படித்தவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ‘ஈசிஆர்’ (வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை) என்ற முத்திரை இருக்கும். அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் அமீரகமும் உண்டு. சுற்றுலாவாகப் போக அது தடை அல்ல. ஆனால் கிளம்பும்போது நம் குடியேற்ற அதிகாரி கூடுதலாகக் கேள்வி கேட்பார். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், விசா மூன்றையும் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள். விசிட் விசாவில் போனால் அங்கே வேலைக்கு மாற்றிவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பணத்தையும் பாஸ்போர்ட்டையும் பறிகொடுத்து அறைக்குள் முடங்கிப்போனவர்கள் ஏராளம்.

பெட்டிக்குள் என்ன போகக்கூடாது

கசகசா. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் வகையில் வருகிறது, அளவு கொஞ்சம்தானே என்ற கணக்கு செல்லாது. யாரும் கசகசாவைப் பாக்கெட்டாக எடுத்துப் போகமாட்டார்கள். அது மறைந்து போகும். வீட்டில் அரைத்த குருமாப் பொடி, கடையில் வாங்கிய பிரியாணி மசாலா, சில இனிப்புகள் என்று எதிலும் இருக்கும். மசாலாப் பாக்கெட்டைத் திருப்பி, சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் ‘பாப்பி சீட்ஸ்’ என்று இருக்கிறதா என்று படியுங்கள். வீட்டுப் பொடியில் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அதை வைத்துவிட்டுப் போங்கள்.

வெற்றிலையும் பான் பொருள்களும் துபாய் கஸ்டம்ஸின் தடைப் பட்டியலில் உள்ளவை. பாட்டி கூடவே கொண்டுவரும் வெற்றிலைப் பெட்டிக்கும் இது பொருந்தும்.

அடுத்தது மருந்து, வயதானவர்களோடு போகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் வலி மாத்திரை, அல்பிரஸோலம், டயஸெபாம், குளோனஸெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாதது பிரிகாபலின். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சலுக்காக டாக்டர் எழுதும் நரம்பு மாத்திரைகளில் மெத்தில்கோபாலமினோடு சேர்ந்து இது இருக்கும். அட்டையின் முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர்தான் பெரிதாக இருக்கும், பின்பக்கச் சிறிய எழுத்தில்தான் பிரிகாபலின் என்று எழுதியிருக்கும். எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் மருந்துப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டில் உள்ளது ஏதாவது இருந்தால் அமீரகத்தின் அரசு இணையச் சேவை வழியாக, பயணத்துக்கு முன்பே அனுமதி பெறவேண்டும். டாக்டர் சீட்டு, நோய் பற்றிய சான்று, பாஸ்போர்ட் நகல் தேவை. மாற்று மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்பது இன்னும் எளிது. மற்ற மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். அட்டையோடும் ஆங்கிலச் சீட்டோடும் கைப்பையில் இருக்கட்டும். லேபிள் இல்லாத சூரணம், லேகியம் எதுவும் வேண்டாம். அது என்னவென்று அங்கே நிரூபிக்க உங்களால் முடியாது.

இன்னொன்று, மற்றவர் கொடுத்துவிடும் பார்சல். “துபாயில் தம்பி இருக்கான், இதை மட்டும் கொடுத்துடுங்க” என்று பக்கத்து வீட்டு அக்கா நீட்டும்போது மறுப்பது சங்கடம்தான். ஆனால் உங்கள் பெயர் ஒட்டிய பெட்டியில் இருப்பது எல்லாம் சட்டப்படி உங்களுடையது. வாங்கியே ஆகவேண்டும் என்றால் அவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். உள்ளே மாத்திரையோ பொடியோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஊறுகாய், நெய் போன்றவற்றைக் கைப்பையில் வைக்காமல், இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறாகக் கைப்பையில்தான் போகவேண்டும். எமிரேட்ஸ் விமானங்களில் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க்தான் அனுமதி, அதுவும் 100 வாட்-ஹவருக்குள் இருக்கவேண்டும், விமானத்துக்குள் பயன்படுத்தக்கூடாது. அங்குள்ள பிளக் மூன்று செவ்வக முனை கொண்ட பிரிட்டிஷ் வகை. நம் உருண்டை முனை அதில் நுழையாது. ஒரு அடாப்டரும், இங்கிருந்தே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொண்டுபோனால் குடும்பத்தின் எல்லா போனுக்கும் அது போதும்.

பெண்கள் கல்யாணத்துக்குப் போவதுபோல நகை போட்டுக்கொண்டு கிளம்பினால், திரும்பும்போது அது துபாயில் வாங்கியதல்ல என்று நிரூபிக்கவேண்டி வரலாம். கிளம்பும் விமான நிலையக் கஸ்டம்ஸில் நகையைக் காட்டி ‘எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட்’ வாங்கிக்கொள்ளலாம். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். தாலிக்கொடியும் ஒரு ஜோடிக் கம்மலும் போதும் என்பது எங்கள் கருத்து.

எப்போது போவது

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். நம் பள்ளி விடுமுறையோ மே மாதத்தில். அப்போது அங்கே பகல் வெயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் ஈரமும் சேர்ந்து, மாலையில்கூட வெளியில் நிற்க முடியாது. குளோபல் வில்லேஜ் என்னும் திறந்தவெளிக் கண்காட்சி அக்டோபர் நடுவில் திறந்து மே மாதத்தில் மூடிவிடும், மிராக்கிள் கார்டன் என்னும் பூந்தோட்டமும் கோடையில் கிடையாது. இந்த இரண்டும் பேக்கேஜில் எழுதியிருந்து, உங்கள் தேதி மே கடைசியாக இருந்தால் ஏஜென்ட்டைக் கேளுங்கள். கோடையில் ஹோட்டல் வாடகை நன்றாகக் குறையும். பகலில் மால், மியூசியம், மாலை ஆறுக்குமேல் வெளியே என்று திட்டம் போட்டால் அப்போதும் போகலாம்.

ரமலான் மாதத்தில் போனால் பகலில் தெருவில், மெட்ரோ நிலையத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் கூடாது. உணவகங்களுக்குள் சாப்பிடலாம். 2027இல் ரமலான் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும்.

எங்கே தங்குவது

முதல் முறை போகும் குடும்பத்துக்கு டெய்ரா, பர்துபாய், கராமா, இந்த மூன்றில் ஒன்று. வாடகை நடுத்தரம், நம் சாப்பாடு காலாற நடந்தால் கிடைக்கும், பக்காலா என்கிற சிறு மளிகைக்கடை தெருவுக்குத் தெரு உண்டு. புக் செய்யும்போது விலையைப் பார்ப்பதற்கு முன், மெட்ரோ நிலையம் எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். ஏழு நிமிடத்துக்குமேல் என்றால் வெயிலில் டாக்சிக்கே அந்த மிச்சம் போய்விடும். முன்பதிவுத் தொகையோடு அறைக்கு, இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை ‘டூரிசம் திர்ஹாம்’ என்ற கட்டணம் ஹோட்டலில் தனியாக வாங்குவார்கள். நட்சத்திரம் கூடக்கூடத் தொகை கூடும். டெபாசிட்டும் கேட்பார்கள். டெபிட் கார்டில் கொடுத்தால் திரும்ப வர நாளாகும். கிரெடிட் கார்டோ ரொக்கமோ கொடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வெளியே

எந்த டெர்மினலில் இறங்குகிறீர்கள் என்பது டிக்கெட்டில் இருக்கும். டெர்மினல் 1, 3 இரண்டிலும் மெட்ரோ சிவப்புத் தடத்தின் நிலையம் உண்டு. டெர்மினல் 2இல் கிடையாது, அங்கிருந்து டாக்சி அல்லது பேருந்துதான். விமான நிலைய டாக்சியில் மீட்டர் 25 திர்ஹாமில் தொடங்கும். வழியில் ‘சாலிக்’ என்னும் சுங்க வளைவைக் கடந்தால் அந்தக் கட்டணமும் பில்லில் சேரும். அதை ஏமாற்று என்று நினைத்து டிரைவரோடு சண்டை போடவேண்டாம். கூரை பிங்க் நிறத்தில் இருக்கும் டாக்சிகளைப் பெண்கள் ஓட்டுகிறார்கள், பெண்களும் குடும்பங்களும் ஏறலாம்.

மெட்ரோவில் ஒருவர் இரண்டு பெட்டிதான் கொண்டுபோகலாம். பெரியது 81 × 58 × 30 சென்டிமீட்டருக்குள், சிறியது 55 × 38 × 20 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி மூன்று நான்கு இருந்தால் டாக்சியே மேல்.

நள்ளிரவில் இறங்குபவர்கள் மெட்ரோவை நம்பவேண்டாம். வார நாள்களில் காலை 5 முதல் நள்ளிரவு வரை ஓடும், வெள்ளிக்கிழமை இரவு 1 மணி வரை. ஞாயிறு காலையில் 8 மணிக்குத்தான் தொடங்கும். ஞாயிறு அதிகாலை விமானத்துக்கு மெட்ரோவில் போகலாம் என்று திட்டமிட்டவர்கள் பூட்டிய கதவு முன் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

நோல் கார்டு

மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே கார்டு நோல். பேருந்தில் காசு வாங்கமாட்டார்கள். நான்கைந்து நாள் இருப்பவர்களுக்குச் சில்வர் கார்டு சரி. விலை 25 திர்ஹாம், அதில் 19 திர்ஹாம் பயணத்துக்கு உங்களுடையது. ஊர் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹாம், அடுத்த மண்டலத்துக்கு 5, அதற்குமேல் எவ்வளவு தூரம் போனாலும் 7.50. ஒரு பயணம் முடிந்து 30 நிமிடத்துக்குள் மெட்ரோவிலிருந்து பேருந்துக்கு மாறினால் அதே பயணமாகக் கணக்கு வைக்கும். ஒரு நாளில் நான்கைந்து இடம் சுற்றுவதாக இருந்தால் 20 திர்ஹாம் நாள் பாஸ் லாபம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை மாற்றி மாற்றித் தட்ட முடியாது. கவுன்டரில் நின்று ரீசார்ஜ் செய்தால் குறைந்தது 50 திர்ஹாம் போடச் சொல்வார்கள். ஏறும்போது தட்டுவதுபோல இறங்கும்போதும் தட்டவேண்டும். மெட்ரோவில் கதவே நிறுத்திவிடும். பேருந்தில் மறந்து இறங்கிவிட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும்.

ரயில் பெட்டிக்குள் தரையில் ஒரு பிங்க் கோடு இருக்கும். அதைத் தாண்டினால் பெண்கள், குழந்தைகள் பகுதி. கூட்டத்தில் மனைவியோடு சேர்ந்து ஏறிய கணவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் 100 திர்ஹாம் அபராதம். சூயிங்கம், தண்ணீர், முறுக்கு எதுவானாலும் மெட்ரோவுக்குள் வாயில் போட்டால் அதே 100. சுகர் உள்ளவர்கள் நிலையத்துக்கு வெளியே சாப்பிட்டுவிட்டு நுழையுங்கள். ‘கோல்டு’ பெட்டி தனிக் கட்டணம், சில்வர் கார்டோடு அதில் ஏறவேண்டாம்.

நிலையப் பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. பெயர் சூட்டும் உரிமையை நிறுவனங்களுக்கு விற்பதால் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஊர்க்காரர்கள் அல் ஃபஹிதி என்று சொல்லும் நிலையத்தின் பலகையில் ஷரஃப் டிஜி என்று இருக்கும், ரஷீதியா என்பது சென்டர்பாயின்ட் ஆகிவிட்டது. சிவப்பு, பச்சைத் தடங்கள் சந்திக்கும் யூனியன், புர்ஜுமான் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறாது.

ஒரு திர்ஹாமில் கிடைக்கும் நல்ல மாலை

துபாயில் செலவு குறைவாகவும் மனம் நிறைவாகவும் இருப்பது, ஊருக்குள் நுழையும் கடற்கழியான க்ரீக்கில் ஓடும் படகு. பர்துபாயின் பழைய கடைத்தெருவைத் தாண்டி நீர்க்கரைக்கு வந்தால் மரப் படகுகள் வரிசையாக நிற்கும். ‘அப்ரா’ என்று பெயர். டிக்கெட் கவுன்டர் இல்லை. ஏறி, நடுவிலுள்ள பலகையில் தண்ணீரைப் பார்த்து உட்காரவேண்டும். படகு நிறைந்ததும் கிளம்பும், பாதி வழியில் படகோட்டி கையை நீட்டுவார், ஆளுக்கு ஒரு திர்ஹாம். அப்போது 100 திர்ஹாம் நோட்டை நீட்டாதீர்கள், காலையிலிருந்தே ஒரு திர்ஹாம் நாணயங்களைச் சேர்த்து வையுங்கள். படகின் ஓரத்தில் தடுப்பு கிடையாது, சிறு குழந்தைகளை நடுப்பக்கமாக அணைத்து உட்காரவைக்கவேண்டும், ஏறும்போது படகு ஆடும், பெரியவர்களுக்குக் கை கொடுங்கள். சில நிமிடத்தில் டெய்ரா கரை. மசாலாக் கடைத்தெரு அங்கேயே, தங்கக் கடைத்தெரு சற்று நடை. சூரியன் சாயும் நேரத்தில் போனால் வெயிலும் இல்லை, கடைகளும் திறந்திருக்கும்.

புர்ஜ் கலிஃபா 828 மீட்டர். 124, 125ஆம் மாடிக்கான டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். சூரியன் மறையும் நேரத்துக்கு விலை அதிகம். காலை முதல் நேரம் மலிவு, கூட்டமும் குறைவு. மெட்ரோ நிலையத்திலிருந்து துபாய் மாலுக்குள் போக ஏசி நடைபாலமே ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டருக்குமேல் நீளும், மால் உள்ளேயும் நடை அதிகம். மூட்டுவலி உள்ளவர்களை மால் வாசலுக்கே டாக்சியில் கூட்டிப்போங்கள். மாலையில் வெளியே நடக்கும் நீரூற்று நிகழ்ச்சியைக் கரையில் நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

பாலைவன சஃபாரியில், மணல்மேட்டில் வண்டி ஏறி இறங்கும் பகுதி கர்ப்பிணிகளுக்கும் முதுகுத் தண்டில் பிரச்சினை உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் ஆகாது. அவர்களை நேரே முகாமுக்குக் கொண்டுபோகும் வண்டி வேண்டும் என்று புக் செய்யும்போதே கேளுங்கள். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பத்து நிமிடத்தில் வாந்தி வரும். ஒரு தட்டு தயிர்சாதம் போதும். விலை மிகக் குறைவாக இருந்தால் குவாட் பைக், போட்டோ, நல்ல இருக்கை எல்லாவற்றுக்கும் அங்கே போனபின் தனித்தனியாகக் கேட்பார்கள்.

அபுதாபிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அல் குபைபா பேருந்து நிலையத்திலிருந்து இ100, இப்ன் பதூதாவிலிருந்து இ101, கட்டணம் 25 திர்ஹாம், நோல் கார்டில்தான். அபுதாபி நகரப் பேருந்தில் நோல் செல்லாது, அங்கே ஹஃபிலாத் கார்டு. ஷேக் சாயித் பெரிய மசூதிக்கு நுழைவு இலவசம், இணையத்தில் பதிவு செய்யவேண்டும். பெண்கள் தலையை மூடி, கணுக்கால் வரை தளர்வான உடை உடுத்தவேண்டும். புடவை கட்டுபவர்கள் இடுப்பும் கையும் மறையும்படி ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் திறந்த பாப்ஸ் இந்துக் கோயிலுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. துபாயில் பர்துபாயின் பழைய சிவன் கோயில் மூடப்பட்டுவிட்டது, இப்போது வழிபாடு ஜெபல் அலியில் 2022இல் திறந்த கோயிலில்.

பணமும் போனும்

விமான நிலையத்தில் டாக்சிக்குத் தேவையான அளவு மட்டும் மாற்றுங்கள். பர்துபாய், டெய்ராவில் உள்ள எக்ஸ்சேஞ்ச் கடைகளில் நல்ல விலை கிடைக்கும். கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா திர்ஹாமா என்று கேட்டால் திர்ஹாமைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விலையில் கணக்கு ஓடும், பில்லுக்குப் பில் சில நூறு ரூபாய் போகும். பல கடைகளில் யுபிஐ வேலை செய்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பிப் போகவேண்டாம்.

வாட்ஸ்ஆப்பில் செய்தியும் குரல்பதிவும் போகும், அங்குள்ள சிம்மில் கால் போகாது. ஜூம், கூகுள் மீட், போட்டிம் போன்றவை வேலை செய்யும். வீட்டில் இருக்கும் அம்மா, அப்பா போனில் அவற்றில் ஒன்றைக் கிளம்புவதற்கு முன்பே ஏற்றிப் பழக்கிவிடுங்கள். தடையைத் தாண்ட விபிஎன் போடாதீர்கள், தவறான பயன்பாட்டுக்கு அங்கே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கும் அபராதம் சட்டத்தில் இருக்கிறது. இந்திய சிம்மையும் ரோமிங் இயக்கிப் போனிலேயே வைத்திருங்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும்.

இறங்கியபின் கவனம்

நடப்பவர்களுக்கென ஒதுக்காத இடத்தில் சாலையைக் கடந்தால் 400 திர்ஹாம் அபராதம். குப்பை போட்டாலும் எச்சில் துப்பினாலும் அபராதம். முன்பின் தெரியாத பெண்களை, விபத்தை, போலீஸ், ராணுவ, அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்கக்கூடாது. கோபத்தில் விரலைக் காட்டுவதும் வாட்ஸ்ஆப்பில் திட்டுவதும் அங்கே வழக்காகும். டெய்ராவில் “காப்பி வாட்ச், காப்பி பேக்” என்று காதோரம் சொல்லி மாடிக்கு அழைப்பவர்களின் பின்னால் போகாதீர்கள். போலிப் பொருள் சட்டவிரோதம், உள்ளே போனபின் வாங்காமல் வெளியே வருவதும் கடினம்.

போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பு 997. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் பதிந்து, அந்தத் தாளோடு பர்துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போகவேண்டும். இந்தியர்களுக்கான உதவி மைய இலவச எண் 800 46342. பாஸ்போர்ட், விசா நகலை வீட்டிலிருக்கும் ஒருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருங்கள்.

தங்கம் வாங்கினால்

அன்றைய கிராம் விலை ஊர் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், கடைவாசல் பலகையில் ஓடும். பேரம் பேசவேண்டியது செய்கூலியில். 22 காரட் 20 கிராம் செயினுக்குக் கிராமுக்கு 25 திர்ஹாம் என்று சொன்னால் செய்கூலி மட்டும் 500 திர்ஹாம். அதை 15க்குக் கொண்டுவந்தால் 200 திர்ஹாம் மிச்சம். நான்கு கடை ஏறி இறங்கினால் குறைப்பார்கள். பில்லில் எடை, காரட், கிராம் விலை, செய்கூலி, 5 சதவீத வாட் வரி ஐந்தும் தனித்தனியாக இருக்கவேண்டும்.

அந்த வாட் வரியில் பெரும்பகுதியைச் சுற்றுலாப் பயணிகள் திரும்பப் பெறலாம். பில் 250 திர்ஹாமுக்குக் குறையக்கூடாது, கடை அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கவேண்டும். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி ‘டாக்ஸ் ஃப்ரீ’ பதிவு கேளுங்கள், பிறகு கேட்டால் நடக்காது. திரும்பும் நாளில் விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன்னில் போடுவதற்கு முன் வரித் திருப்பும் கவுன்டருக்குப் போகவேண்டும், பொருளைக் காட்டச் சொல்வார்கள். நகையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டுப் பில்லை மட்டும் நீட்டி ஏமாந்தவர்கள் நிறைய. ஒவ்வொரு பதிவுக்கும் 4.80 திர்ஹாம் கழித்துக்கொண்டு மீதியைக் கையிலோ கார்டிலோ தருவார்கள். வரிசை நீளமாக இருக்கும், மூன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சலுகை ஓராண்டுக்குமேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புபவர்களுக்கானது. ஐந்து நாள் சுற்றுலா போனவர்களுக்கு அது பொருந்தாது. காசு, பிஸ்கட் வடிவத் தங்கத்துக்கு யாருக்குமே விலக்கு இல்லை. வாங்குவதற்கு முன், அன்றைக்கு நடப்பில் உள்ள சுங்க வரியைக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஊரில் வாங்குவதைவிட லாபம் இருக்காது. வாங்கிவிட்டால் சென்னையில் சிவப்பு வழியில் போய், பில்லைக் காட்டி அறிவித்து வரி கட்டுங்கள். பச்சை வழியில் வந்து பிடிபட்டால் நகை பறிமுதலாகும், அதை மீட்க அபராதமும் வக்கீல் செலவும் மாதக்கணக்கில் அலைச்சலும் ஆகும்.